பஞ்சுக் கவசத்தின் முதுகு

பட்டாளத்தாருக்கு நன்றி சொல்வதென்பது மூச்சு விடுகிற மாதிரி. பேருந்தை விட்டு இறங்கினால் ஓட்டுநரின் ஜன்னல் வரை நடந்து போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவார். தபால்காரர், குழாய் சரிசெய்ய வந்தவர், வழிவிட்டு ஒதுங்கி நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை என்று யாரும் அவரிடமிருந்து தப்ப முடியாது. ஒரு தடவை தொலைபேசியில் பதிவு செய்து வைத்த குரல் ஒன்று "காத்திருந்தமைக்கு நன்றி" என்று சொல்ல, இவர் "இல்லம்மா, நான்தான் உங்களுக்குச் சொல்லணும்" என்று பதில் கொடுத்தார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"அது மெஷினுங்க."

"இருக்கட்டுமே. நம்மகிட்ட மரியாதையாத்தானே பேசுச்சு?"

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. இருபத்து மூன்று வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, கொண்டுபோன கைகால் அத்தனையையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய அண்ணன் திரும்பி வரவில்லை. தனக்கு மட்டும் இந்த வீடு, இந்த மனைவி, ஒரு மகள், காலையில் கொதிக்கக் கொதிக்கக் காபி எல்லாம் எந்தக் கணக்கில் கிடைத்தன என்று அவருக்குப் புரிந்ததே இல்லை. யாருக்குச் சொல்வதென்று தெரியாததால் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அந்தப் பெட்டியை நினைத்தால் மட்டும் அவருக்கு நன்றி வராது.

அவர்கள் வீடு பழைய போர்க்குடி. அந்தக் காலத்தில் சில வீடுகளுக்குச் சண்டை போடுவதுதான் குலத்தொழில். அரசன் நிலமும் பட்டமும் கொடுப்பான். பதிலுக்கு, முரசு கொட்டிய நாளில் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள், ஒரு குதிரை, சொந்தக் கவசம், சொந்த வாள் என்று வந்து நிற்க வேண்டும். நெஞ்சில் காயம் பட்டவனுக்கு அந்த வீடுகளில் ராஜ மரியாதை. முதுகில் காயம் பட்டவனை உயிரோடு இருக்கும்போதே செத்தவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், அவன் பேரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள். அரசர்கள் போய், நிலம் போய், பட்டத்தை யாரும் கேட்காமல் போன பிறகும் அந்தக் கிறுக்கு மட்டும் இவர்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆண்கள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார்கள். முடி வெட்டப் போனால்கூடக் கண்ணாடியில் வாசல் தெரிகிற நாற்காலி காலியாகும் வரை நின்றுகொண்டே இருப்பார்கள்.

பெட்டிக்குள் இருந்தது மூத்த பாட்டனாரின் பஞ்சுக் கவசம். ஏழு தலைமுறைக்கு முன்னால் குதிரையேறிப் போனவர் அவர். இரும்புக்குப் பதிலாகப் போடுகிற சட்டை அது. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சைத் திணித்து, விரற்கடை இடைவெளியில் வரிவரியாகத் தைத்தது. நெஞ்சுப் பக்கம், இடது தோளெலும்புக்குக் கீழே, கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அம்பு பாய்ந்த இடம். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நான்காக மடித்த கவசத்தை எடுத்து அந்தத் துளையை மட்டும் காட்டுவார்கள். அம்பு பாய்ந்தும் பிழைத்து வந்து இன்னும் முப்பது வருஷம் வாழ்ந்தவர் என்று சொல்வார்கள். வந்தவர்களும் துளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள்.

வந்தவர்கள் முன்னால் மடிப்பை யாரும் பிரித்ததில்லை. பிரித்தால் முதுகு தெரிந்துவிடும். முதுகில், கீழ் விளிம்பிலிருந்து கழுத்து வரை, ஒரே வெட்டு.

மூத்த பாட்டனார் இருந்தவரை அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லையாம், மேல்துணியை விலக்கி யாருக்கும் முதுகு காட்டியதும் இல்லையாம். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தவர் அவருடைய மூத்த மகன். அவரும் வாள் பிடித்தவர்தான். அம்பு பட்டதும் அப்பா திரும்பி ஓடியிருக்கிறார், ஓடியவரை எவனோ பின்னாலிருந்து வெட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டி, தன் கையாலேயே தடித்த நூலால் அந்த வெட்டை மூடித் தைத்துப் பெட்டியைப் பூட்டினார். அன்றிலிருந்து ஒரு வழக்கம். வீட்டின் மூத்த மகன் படையில் சேரும் நாளுக்கு முந்தைய நாள், கதவைச் சாத்தி, பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, அப்பன் கவசத்தைத் திருப்பிக் காட்டுவான். "இதை நேர் பண்றது உன் பொறுப்பு" என்று ஒரு வாக்கியம் சொல்வான். அவ்வளவுதான். இளைய மகன்களுக்குக் காட்டுவதில்லை. பெண்கள் காதில் விழவே கூடாது.

பட்டாளத்தார் இளையவர். அதனால் இருபத்திரண்டு வயது வரை அவருக்கு எதுவும் தெரியாது. அண்ணன் எல்லைச் சண்டையில் செத்துப்போன செய்தி வந்த வாரம், அவருடைய அப்பா கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியை இறக்கினார். அண்ணனோடு இருந்து திரும்பி வந்தவர்கள் சொன்னது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பின்வாங்கச் சொல்லிக் கட்டளை வந்துவிட்டதாம். பாலத்தைக் கடந்தால் போதும், எல்லாரும் கடந்துவிட்டார்களாம். அண்ணன் மட்டும் "எங்க வீட்டுக்கு அது ஏற்கெனவே ஒரு தடவை ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றானாம். அவனுக்கு இருபத்தாறு வயது. என்ன சொன்னான், எதைச் சொன்னான் என்று கூட இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. பெட்டியைப் பார்த்தவருக்கு விளங்கியது.

நாற்பது வருஷமாக அந்த முதுகை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு மகன் இல்லை. தன்னோடு இது முடியட்டும் என்று இருந்தார்.

அப்படி இருந்தவருக்குத்தான் நகர அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய போர்க்குடிகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், எட்டு வீடுகளிலிருந்து பொருட்கள் வாங்குகிறார்கள், உங்கள் வீட்டுக் கவசத்தைக் கேள்விப்பட்டோம் என்று எழுதியிருந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் பூச்சி அரிக்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் வைத்திருந்தால் நெஞ்சும் மிஞ்சாது, முதுகும் மிஞ்சாது. சரி, சுவரோடு சாத்தி வைக்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்.

கவசத்தைச் சரிசெய்கிற பொறுப்பு ஒரு பெண்மணியிடம் இருந்தது. ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் வெள்ளை உறை, அதிர்ந்து பேசாத குரல். துணிக்கு ஏதாவது ஒன்றென்றால் அந்த அருங்காட்சியகம் முழுக்க அவரிடம்தான் ஓடி வரும். முதல் நாளே பட்டாளத்தார் அவருக்குத் 'துணி டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார். கவசத்தை ஒப்படைத்துப் பத்து நாள் கழித்து, ஒரு தடவை நேரில் வந்து போகும்படி துணி டாக்டர் கூப்பிட்டார்.

மகள்தான் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். முப்பத்தொரு வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். மத்தியானம் இரண்டு மணிக்கு டியூட்டி. யாராவது கேட்டால் "பாப்பா ஆஸ்பத்திரியில இருக்கா" என்பார். அங்கே என்ன செய்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மாத்திரை கொடுப்பாள், தலையணையை நிமிர்த்தி வைப்பாள், வேறென்ன என்று நினைத்திருந்தார். அவள் பட்டாளத்தில் சேரவில்லையே என்ற குறை ஒன்றும் அவருக்கு இல்லை. அந்தப் பெட்டி இவளைத் தொடாமல் விட்டதே என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

"நீ கார்லயே இரும்மா. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? வாட்ச்மேனுக்கு நன்றி சொல்லவே பத்து நிமிஷம் ஆகும்."

துணி டாக்டரின் அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அறையை அடைத்துக்கொண்டு ஒரு நீள மேஜை, அதன் மேல் வெள்ளைத் துணி. ஒரு பக்கம் ஊசிகள் வரிசையாகக் குத்திய மெத்தை, நூல்கண்டுகள், கைப்பிடியில் வலை கட்டிய சின்னத் தூசி உறிஞ்சி. மேஜை நடுவில் கவசம். முழுக்கப் பிரித்து, குப்புறக் கிடந்தது. முதுகு வெளிச்சத்தில் தெரிந்தது. பட்டாளத்தார் சட்டென்று கதவைச் சாத்தினார்.

"பெரிய பிரச்சினை ஒண்ணும் இல்லை சார்" என்றார் துணி டாக்டர். "இந்த முதுகுத் தையல் பின்னாடி யாரோ போட்டது. கூடாரத் துணிக்குப் போடற தையல். நூல் ரொம்பத் தடிமன். துணியை இழுத்து இழுத்துக் கிழிக்குது. இதைப் பிரிச்சாத்தான் கவசம் பிழைக்கும். உங்க சம்மதம் வேணும்."

"பிரிக்க வேண்டாம்."

"அப்படியே விட்டா ஒரு வருஷம் தாங்காது சார்."

"தாங்கற வரைக்கும் தாங்கட்டும். சுவரோட சாத்தி வச்சுடுங்க. நெஞ்சுப் பக்கம் தெரிஞ்சா போதும்."

துணி டாக்டர் தயங்கினார். "எல்லாத்தையும் ஹாலுக்கு நடுவுலதான் வைக்கிறோம். நாலு பக்கமும் கண்ணாடி. சுத்தி வந்து பார்க்கற மாதிரி."

பட்டாளத்தாரின் முகம் இறுகியது. ஊரே சுற்றி வந்து அந்த முதுகைப் பார்க்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். அண்ணன் எதை நேர் செய்ய உயிரைக் கொடுத்தானோ அதை.

"அப்ப நான் எடுத்துட்டுப் போயிடறேன். இத்தனை நாள் பார்த்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா."

கோபத்திலும் நன்றி. துணி டாக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசல் பார்த்துத் திருப்பி வைத்தார். பட்டாளத்தார் முதல் நாள் வந்தபோது நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததை அவர் கவனித்திருந்தார்.

அந்த நாற்காலிதான் அவரை உடைத்தது. உட்கார்ந்தார், சொல்ல ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. மூத்த பாட்டனார், மூடித் தைத்த மகன், சாத்திய கதவு, அண்ணன், பாலம் என்று நாற்பது வருஷத்தையும் ஒரு அந்நியப் பெண்ணிடம் கொட்டிவிட்டார். கட்டின மனைவிக்குத் தெரியாது இது. துணி டாக்டர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"எனக்குச் சண்டையைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். துணியைப் பத்தித் தெரியும். ஒண்ணு கேட்கட்டுமா? நான் இதைப் பிரிச்சு உள்ள ஒரு தடவை பார்க்கறேன். நீங்க பக்கத்துலயே இருங்க. உங்களுக்கு வேண்டாம்னு பட்டா, அதே துளையில அதே நூலைக் கோத்து, பழையபடி தைச்சுக் கையில குடுத்துடறேன்."

அவர் தலையாட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. நுனி வளைந்த சின்ன இடுக்கியால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி, நறுக்கி, இழுத்து, எடுத்த நூல் துண்டுகளை எண்ணிட்ட காகிதத்தில் வரிசையாக வைத்தார். கடைசித் தையல் வந்ததும் முதுகு இரண்டாகத் திறந்துகொண்டது. துணி டாக்டர் விளக்கை இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீழ் விளிம்பிலிருந்து கழுத்து வரை குனிந்தபடியே போனார். பிறகு கழுத்திலிருந்து கீழே வந்தார்.

"சார், வாள் வெட்டினா எப்படி இருக்கும்?"

"நடுவுல ஆழமா இருக்கும். ரெண்டு முனையிலயும் மேலோட்டமா போகும்" என்றார் பட்டாளத்தார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இது அப்படி இல்லையே. விளிம்புல ஆரம்பிச்சு ஒரே ஆழம். மேல்துணி, பஞ்சு, உள்துணி மூணும் ஒரே கோட்டுல போயிருக்கு. விரலால தொட்டுப் பாருங்க. இங்க ஒரு சின்னப் படி. இங்க ஒண்ணு. நாலு விரல் தள்ளி மறுபடியும் ஒண்ணு. கத்தரியை மூடித் திறக்கற இடத்துல இப்படித்தான் படி விழும். இது கத்தரி போன வழி சார்."

பட்டாளத்தார் தொட்டுப் பார்த்தார். படி இருந்தது. எண்ணினார், பதினொன்று. ஏழு தலைமுறையாக அந்த வெட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாள் பிடித்தவர்கள், துப்பாக்கி பிடித்தவர்கள். கத்தரி பிடித்தவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் கண்ணுக்கு வாளைத் தவிர வேறெது தெரிந்திருக்கும்?

ஆனால் அவருக்கு அதில் நிம்மதி வரவில்லை. "சண்டை நடக்கற இடத்துக்கு எவன் கத்தரி எடுத்துட்டு வருவான்? பிணத்து மேல இருந்து உருவறவனா? இவர்தான் சாகலையே. அப்ப எதுக்கு வெட்டினான்?"

"அது எனக்குத் தெரியலை சார்" என்றார் துணி டாக்டர். "யார் கையில என்ன இருந்ததுன்னு துணி சொல்லும். எதுக்குன்னு சொல்லாது."

அப்போது கதவு திறந்தது. ஒரு கையில் கார் சாவியும் இன்னொரு கையில் அப்பாவின் கைபேசியுமாகப் பாப்பா உள்ளே வந்தாள்.

"அம்மா ஆறு தடவை கூப்பிட்டுட்டாங்க. அஞ்சு நிமிஷம்னீங்களே அப்பா, எனக்கு டியூட்டிக்கு…"

பட்டாளத்தார் துள்ளி எழுந்து மேஜைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். அறுபத்திரண்டு வயது மனிதர், கோழியை மறிக்கிற மாதிரி. பாப்பா அவரை விட அரைச்சாண் உயரம். அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நான்காக மடித்தே பார்த்திருந்த கவசம், விரித்துக் குப்புறக் கிடந்ததில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாருக்கு அடிபட்டுச்சு?"

பட்டாளத்தார் விரித்த கையை இறக்கவில்லை.

"என்னம்மா சொல்றே?"

"வெட்டி எடுத்திருக்காங்களேப்பா. அடிபட்டவங்க மேல இருந்து." அவள் அவருடைய கையை மெதுவாக இறக்கிவிட்டு மேஜைப் பக்கம் வந்தாள். "முன்பக்கம் ஏதாவது குத்தி நின்னுச்சா?"

துணி டாக்டர் பட்டாளத்தாரைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு "அம்பு" என்றார். ஊருக்கெல்லாம் சொன்ன அம்புதான், ஆனால் அந்த முதுகை வைத்துக்கொண்டு மகளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"அதான். அம்பைப் பிடுங்கக் கூடாது. அது உள்ள இருக்கற வரைக்கும் ரத்தத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். ஆனா அது சட்டையையும் ஆளையும் சேர்த்துத் தைச்சு வச்சிருக்கு, முன்னாடி திறக்க முடியாது. அதனால ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பின்னாடி கீழ இருந்து கழுத்து வரைக்கும் வெட்டிட்டா, அவரை அசைக்காம சட்டையை அம்புக் காம்பு வழியா முன்பக்கமா உருவி எடுத்துடலாம். நேத்துகூட ஒருத்தருக்கு வெட்டினேன். கட்டடத்துல இருந்து விழுந்து கம்பி குத்தினவர். புது சட்டை போல, பாவம்."

"நீயா வெட்டினே?"

"பின்ன? தினமும் அதுதானேப்பா எனக்கு முதல் வேலை."

துணி டாக்டர் கவசத்தை மெதுவாகத் திருப்பி, நெஞ்சுப் பக்கத்தின் உள்துணியைக் காட்டினார். துளையிலிருந்து கிளம்பிய பழுப்புக் கறை இடுப்பை நோக்கிக் கீழே இறங்கவில்லை. மார்பைக் குறுக்காகக் கடந்து வலது அக்குள் பக்கம் போயிருந்தது.

"வலது பக்கமாப் படுக்க வச்சிருக்காங்க" என்றாள் பாப்பா. பிறகு முதுகின் உள்பக்கத்தை விளக்குக்குக் கீழே குனிந்து பார்த்தாள். "அப்பா, இங்க வாங்க."

வெட்டின் ஓரமாக, உள்துணியில், சின்னச் சின்னப் பழுப்புத் தீற்றல்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. பூஞ்சைக் கறை என்று துணி டாக்டர் குறித்து வைத்திருந்த இடங்கள் அவை. பாப்பா தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, தொடாமல், அந்தத் தீற்றலுக்கு மேலே பிடித்துக் காட்டினாள். சரியாகப் பொருந்தியது. ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் மேலே ஒரு ஜோடி. பதினொரு படி, பதினொரு ஜோடி.

"கத்தரியோட கீழ் அலகு தோல்ல பட்டுடக் கூடாதுன்னு ரெண்டு விரலை முன்னாடி உள்ள விட்டுக்கிட்டே போவோம். எங்களுக்குக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க. இவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்களோ. தடிச்ச பஞ்சு, கையெல்லாம் ரத்தம், சுத்தி சண்டை. ஒரு இடத்துல கூட அவசரப்படலை பாருங்க. கழுத்துகிட்ட வந்ததும் எலும்பு மேல படாம ஒதுங்கிப் போயிருக்காங்க." அவள் நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டாள். "ரொம்ப நல்ல கைப்பா இது."

பட்டாளத்தார் பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தேடினார். கைக்கு வந்த பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது வாசலுக்கு முதுகுப் பக்கம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். அண்ணன்தான் வந்தான். கதவைச் சாத்தியபோது, வெளியே அனுப்பிய பெண்களில் ஒருத்தியை உள்ளே விட்டிருந்தால் போதும். துணி தைக்கிறவளோ, பிள்ளைப்பேறு பார்க்கிறவளோ, யாரோ ஒருத்தி "இது கத்தரியாச்சே" என்று சொல்லியிருப்பாள். அண்ணன் பாலத்தைக் கடந்திருப்பான். இப்போது எங்கேயாவது பல் விழுந்து, பேரப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"ஒண்ணுமில்லாததுக்குப் போய்ட்டாம்மா உங்க பெரியப்பா" என்றார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை மகளுக்குச் சொன்னார். இந்தத் தடவை சிரமமாக இருந்தது. பாப்பா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டியூட்டிக்குத் தாமதமாகும் என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி செய்தி அனுப்பியதோடு சரி, கைபேசியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் முடித்ததும் அவள் கேட்டாள்.

"மூத்த பாட்டனாருக்குப் பிள்ளைங்க எல்லாம் அந்த அம்புக்கு அப்புறமாப்பா பிறந்தாங்க?"

"ஆமா. மூத்தவருக்கே அடுத்த வருஷம்தான் பிறப்பு. அப்புறம் நாலு பேர்."

"அப்ப இவங்க வெட்டலைன்னா யாருமே இல்லை."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பட்டாளத்தாருக்கு அது மெதுவாக இறங்கியது. அவர் இல்லை, அவர் அப்பா இல்லை, பாப்பா இல்லை. அண்ணனும் இல்லை. மாமரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டு, வீட்டில் தம்பி தள்ளிவிட்டதாகப் புளுகிய அண்ணன். தம்பிக்குச் சைக்கிள் பழக்கப் பின்னாலேயே ஓடி வந்த அண்ணன். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தெருவில் போய், எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்ததும் காலரை இறக்கிவிடுகிற அண்ணன். அவன் செத்தது ஒரு தவறான கணக்கில்தான். ஆனால் அதற்கு முன்னால் இருந்த இருபத்தாறு வருஷம்?

"அண்ணனோட அந்த இருபத்தாறு வருஷமும் இந்தக் கை குடுத்ததுதானேம்மா" என்றார். "நாங்க அதுல கடைசி ஒரு நாளைத்தான் பாழ் பண்ணினோம். மீதி எல்லாம் இவர் குடுத்தது."

சொல்லிவிட்டு அழுதார். நாற்பது வருஷத்தில் அண்ணனுக்காக அவர் அழுத முதல் அழுகை. அந்த வீட்டு ஆண்கள் பெருமைக்காகச் செத்தவனுக்கு அழுவதில்லை. கண்ணைத் துடைத்தபோது அவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இத்தனை காலமும் ஓட்டுநருக்கும் தபால்காரருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது யாருக்குச் சேர வேண்டியது என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"யாரா இருக்கும்மா இவர்?" என்று துணி டாக்டரிடம் கேட்டார்.

"படையோட கத்தரி வச்சுக்கிட்டுப் போனவங்க நிறையப் பேர் சார். நாவிதரா இருக்கலாம். குதிரைக்கு ரோமம் கத்தரிக்கிறவரா இருக்கலாம். கூடாரம் தைக்கிறவர், இல்லை அவங்க வீட்டுப் பொம்பளை யாராவதுகூட இருக்கலாம், குடும்பத்தோடதான் பின்னாடி நடந்து போவாங்களாம். இங்க மூணு படையோட பட்டியல் இருக்கு. வீரர் பேர் இருக்கு, அப்பா பேர் இருக்கு, குதிரையோட பேர்கூட இருக்கு. இவங்க பேர் ஒண்ணும் இருக்காது."

பட்டாளத்தார் தலை குனிந்தார். மூத்த பாட்டனாரின் குதிரை பேர் அவருக்கு மனப்பாடம். அதன் தாய்க்குதிரை பேரும் தெரியும்.

துணி டாக்டர் படிவத்தை எடுத்து வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டைக்கான படிவம் அது. பொருள்: பஞ்சுக் கவசம். அணிந்தவர் என்ற இடத்தில் மூத்த பாட்டனாரின் பேரும் பட்டங்களும் மூன்று வரிக்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பட்டாளத்தாரே போன மாதம் எழுதிக் கொடுத்தது. தைத்தவர்: தெரியவில்லை. கொடுத்தவர் என்ற இடத்தில் அவர் பேர்.

"முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னீங்களே சார். மேலிடத்துல கேட்டுப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்மா. வாசலைப் பார்த்து முதுகை வைங்க. வர்றவங்க முதல்ல அதைத்தான் பார்க்கணும். மூடித் தைக்கவும் வேண்டாம்." அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அணிந்தவர்னு இருக்கறதுக்கு மேல இன்னொரு வரி போட முடியுமா?"

"என்ன வரி?"

"வெட்டிக் காப்பாற்றியவர்."

"அதுக்கு எதிர்ல என்ன எழுதறது சார்? பேர்தான் தெரியாதே."

பட்டாளத்தார் யோசித்தார். அந்த வரிக்கு எதிரே, பட்டங்களோடு பேர் எழுதுகிற நீளத்துக்கு, காலி இடம் விட்டுக் கோடு போட்டார்.

"மூணு வரிக்கு இடம் விட்டு வைங்க" என்றார். "அவருக்கும் அவ்வளவு பேர் இருந்திருக்கும். நாங்கதான் கேட்டுக்கலை."